நாலாம் நம்பர் மூக்கன்

இந்த நாட்டுப் பீரங்கிப் படைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1888இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. துறைமுகங்களைக் காக்கும் படையாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கொழும்பிலும் திருகோணமலையிலும் பீரங்கிகளோடு நின்றது. 1949இல் சுதந்திர நாட்டின் இராணுவம் அமைந்தபோது புதுச் சட்டை போட்டுக்கொண்டது. தளபதிகளின் பெயர், பீரங்கிகளின் அளவு, அணிவகுப்பு நடந்த தேதி எல்லாம் அச்சில் வந்துவிட்டன. வெள்ளிமலைத் தோட்டத்து மூக்கன் மட்டும் அதில் எங்கேயும் வரவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

மூக்கன் இறம்பொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வளைகத்தியால் இடுப்பளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. கட்டையான உருவம். கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. வலது காது பாதிதான் கேட்கும். யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பமாட்டார். முழு ஆளாகத் திரும்புவார். தோட்டம் முழுக்க அவருக்குப் பெயர் பீரங்கி.

"பீரங்கி வருது, ஒதுங்குங்கடி" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் வழிவிடுவார்கள். பிறகு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தப் பெயரில் பாதிக் கிண்டல் இருந்தது அவருக்குத் தெரியும். அவர் நிஜமாகவே பீரங்கி சுட்டவர் என்பதைத் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நம்பவில்லை. திருகோணமலையில் சோறு ஆக்கிப்போட்டிருப்பான் என்பது அவர்களுடைய தீர்மானம்.

தொழிற்சங்க வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்த நான் நம்பினேன். காரணம், அவர் பெருமை அடித்ததே இல்லை. நானாகத் தோண்டித் தோண்டிக் கேட்டதுதான். கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்கு ஓடியவர், யுத்த காலத்தில் ஆள் சேர்த்தபோது பீரங்கிப் படையில் சேர்ந்துவிட்டார். விமானத்தைச் சுடும் பீரங்கி. அதற்கு ஆறு பேர் கொண்ட ஒரு குழு. ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு வேலை. ஒன்றாம் நம்பர் கட்டளை கொடுப்பவன். இரண்டும் மூன்றும் குழாயைத் திருப்பிக் குறி வைப்பவர்கள். நாலாம் நம்பர் குண்டை உள்ளே ஊட்டுபவன். ஐந்தும் ஆறும் குண்டு எடுத்துக் கொடுப்பவர்கள். மூக்கன் நாலாம் நம்பர்.

"ஜப்பான்காரன் வந்தப்ப எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன் தோழர்? நாலாம் நம்பர் ஆகாசத்தப் பாக்கக் கூடாது. குண்டத்தான் பாக்கணும். சுத்திச் சத்தம். திருகோணமலையே எரியுதுன்னானுங்க. எரிஞ்சு முடிஞ்சப்பறந்தான் நான் தலயத் தூக்கினேன்."

அவ்வளவுதான் அவருடைய யுத்தம். காது அங்கேதான் போனது.

அதே படையைச் சேர்ந்தவர்கள் அதே 1942ஆம் வருடம் கொக்கோஸ் தீவில் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். மூன்று பேரை வெலிக்கடைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். கூட்டங்களில் நான் இதை ஆவேசமாகப் பேசுவேன். ஒரு கூட்டம் முடிந்து மூக்கன் என்னிடம் வந்தார். "நீங்க பேசுறது சரிதான் தோழர். ஆனா அந்த ராத்திரி கலகக்காரங்க சுட்டு ஒருத்தன் செத்தான்ல, அவனும் நம்ம பீரங்கிக்காரன்தான். அவன் பேர நீங்க சொல்லவே இல்லயே" என்றார். என் பிரசங்கத்தில் அவன் இல்லை. அடுத்த கூட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்ததும் ஆட்களைக் கலைத்து அனுப்பிவிட்டார்கள். மூக்கன் தோட்டத்துக்குத் திரும்பினார், அழகம்மாவைக் கட்டினார், கத்தியை எடுத்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்து தேயிலைக்கு உரமாகப் போன பரம்பரையைச் சட்டம் ஒரே வரியில் அந்நியர் ஆக்கியது. 1949இல் புது இராணுவம் பழைய பீரங்கிக்காரர்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டு மூக்கன் கொழும்புக்குப் போனார். சப்பாத்தை முகம் தெரியும்வரை துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் அவரோடு ஒரே பீரங்கியில் வேலை செய்தவர்கள். அவர்களை எடுத்துக்கொண்டார்கள். இவரிடம், அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்டார்கள். துறையூர்ப் பக்கம் என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

"கெட்ட மனுசன் இல்ல தோழர். எழுந்து நின்னு கை குடுத்தாரு. சட்டம் அப்பிடின்னாரு."

சப்பாத்தை இராகலையில் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு பட்டாளத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். மற்றப் படைகளுக்குக் கொடி உண்டு. பீரங்கிப் படைக்குப் பீரங்கிதான் கொடி. அணிவகுப்பில் அதற்குத்தான் மரியாதை. எதிரி வந்தாலும் அதை விட்டுவிட்டு ஓடக்கூடாது. "விட்டுட்டு வந்தவன் பீரங்கிக்காரன் இல்ல" என்பார்.  விட்டுவிட்டு வந்தவர் அவர் இல்லை. அவரைத்தான் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வித்தியாசம் அவர் மனதுக்குள் தெளிவாக இல்லை என்று எனக்குத் தோன்றும். தான் இன்னும் பீரங்கிக்காரனா இல்லையா என்ற கேள்வியோடுதான் அவர் எட்டு வருடம் செடி வெட்டினார்.

தோட்டத்தில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. வருடத்துக்கு ஒரு நாள். மாசித் திருவிழாவில் மாரியம்மன் தேருக்குக் கட்டை போடுவது. கோயில் கீழே ஆற்றோரத்தில் இருக்கிறது. அங்கேயிருந்து கண்டி ரோட்டுக்கு ஒரு வண்டிப்பாதை செங்குத்தாக ஏறுகிறது. தேர் அந்தப் பாதையில் ஏறும்போது பின்னால் ஒருவன் குனிந்தபடியே வந்து, சக்கரம் ஒரு அடி ஏறியதும் அதன் பின்னால் பலாக்கட்டையைத் திணிக்கவேண்டும். இழுப்பவர்கள் மூச்சு வாங்கும்போது தேரைத் தாங்குவது அந்தக் கட்டைதான். தேர் திரும்பி உருண்டால் முதலில் போவது கட்டை போடுகிறவன். ஆகவே அந்த வேலைக்குப் போட்டி கிடையாது.

பாதையின் பாதியில் ஒரு முனியாண்டிக் கல் இருக்கிறது. அங்கே தேர் நிற்கும். தப்பு அடிப்பவன் கையை நிறுத்துவான். இழுப்பவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பிறகு மறுபடியும் தப்பு, மறுபடியும் இழுவை. யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரியும்.

1957 மார்கழி. நாடு முழுவதும் வெள்ளம். எங்கே பார்த்தாலும் மண்சரிவு. சங்கக் கூட்டத்துக்கு வெள்ளிமலைக்குப் போன நான் திரும்ப பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தியத்தலாவையில் பயிற்சி முடித்த பீரங்கி ஒன்றும் அந்த மழையில்தான் மாட்டியது. கீழ்நாட்டுப் பாதை அடைபட்டதால் நுவரெலியாவைச் சுற்றிக் கண்டி ரோட்டில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். லொறிக்குப் பின்னால் நாலு சக்கரத்தில் பீரங்கி. கோயில் பாதை வந்து சேருகிற முடக்கு வளைவில் ரோட்டின் ஓரம் இடிந்து, இழுவைக் கொக்கி கழன்று, பீரங்கி தேயிலைக்குள் இறங்கிவிட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்த ஒரு சிப்பாயின் கால் முறிந்தது. தோட்டத்து அம்புலன்சில் அவனை ஏற்றி அனுப்பினார்கள்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பகல் சாப்பாட்டு நேரம். பீரங்கி செடிகளை நசுக்கிக்கொண்டு போய் வண்டிப்பாதையின் கீழ் ஓரத்தில் நிழலுக்கு நட்ட ஒரு சபுக்கு மரத்தில் சாய்ந்து நின்றது. மரத்துக்குக் கீழே பள்ளம், பள்ளத்தில் கொத்மலை ஆற்றுக்கு ஓடும் வெள்ளம். மழையில் மண் கரைந்து மரத்தின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. லொறியை ஓரத்துக்குக் கொண்டுவந்தால் மிச்ச ரோடும் இறங்கிவிடும். அதிகாரி ஜீப்பில் முன்னாலே போய்விட்டார். மிஞ்சியவர்கள் ஒரு சார்ஜன்ட்டும் நாலு சிப்பாய்களும். சார்ஜன்ட்டின் பெயர் திசேரா. முப்பது வயது இருக்கும். எல்லாரிடமும் அவர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்: ஆள் வேண்டும், கயிறு வேண்டும், மரம் விழுவதற்குள் வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர் கணேசமூர்த்தி குடையை மடக்காமலே நின்றார்.

"தோழர், நீங்களே சொல்லுங்க. நம்ம ஓட்டப் பறிச்சான். நாட்டான் இல்லன்னான். இப்ப அவன் பீரங்கி பள்ளத்துல விழப் போகுதுன்னு நம்ம கையில கயித்தக் குடுக்குறான். நாளைக்கு நாம வேல நிறுத்தம் செஞ்சா அதே பீரங்கிய நம்ம லயத்து வீடுங்களுக்கு நேரா வைக்க மாட்டான்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. நானே எழுதிக்கொடுத்த வாசகங்கள் போல இருந்தன.

"இது ஆகாயத்தப் பாத்துச் சுடுற பீரங்கிண்ணே. லயத்துக்கு எறங்காது" என்றார் மூக்கன். அவர் கண் பீரங்கியை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நின்றவள் காளியாயி. தோட்டத்தில் மூத்த கொழுந்துக்காரி, வாய்க்குப் பேர்போனவள்.

"எலே மூக்கா, ஒன்னக் கழிச்சுப்போட்ட பட்டாளந்தானே இது? தராசுல கழிச்சுப்போட்ட கொழுந்து போயி, 'என்னய மறுபடி கூடையில போடு'ன்னு கேக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"கேக்காது ஆத்தா. நான் கூடயில போடச் சொல்லல. கூட விழப் போவுது. பிடிக்கணும்ல."

"விழட்டும். ஒனக்கென்ன?"

மூக்கன் கோயிலுக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது தேர்வடத்தைத் தோளில் சுருட்டிப் போட்டிருந்தார். இரண்டு பலாக்கட்டைகள் கையில். பின்னாலேயே பூசாரி இராமையா ஓடிவந்தார்.

"மூக்கா, அது அம்மன் வடம். இரும்புல கட்டாத."

"தேருக்கும் இரும்புப் பட்டதான சாமி போட்டிருக்கு?"

"அது அம்மன் தேரு."

"அம்மனுக்குக் கோவம் வந்தா என் மேல வரட்டும். நான் கீழதான் நிப்பேன், தேட வேண்டியதில்ல."

வடத்தை சார்ஜன்ட்டின் கையில் கொடுத்தார். சிங்களத்தில், பட்டாளத்துச் சிங்களத்தில், எந்த இடத்தில் கட்டவேண்டும் என்று பேசினார். சார்ஜன்ட் ஒருமுறை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி கேட்க நேரம் இல்லை. கட்டினார். மூக்கன் கட்டைகளோடு சரிவில் இறங்கி, பீரங்கிக்கும் சபுக்கு மரத்துக்கும் நடுவே போய்க் குந்திக்கொண்டார்.

அங்கே நின்றவர்களுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. மரம் சாய்ந்தால் பீரங்கி இப்போது மூக்கன் மேல்தான் உருளும்.

அழகம்மா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மெலிந்த பெண். சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தலைவரே, நீங்க சட்டத்தப் பேசி முடிங்க. எங்க ஆளு கீழ குந்தியிருக்காரு. நான் இழுக்கப் போறேன்."

வடத்தின் நுனியை எடுத்துத் தோளில் போட்டாள். "அடிப்பாவி, நீ ஒருத்தி இழுத்தா பீரங்கி வராது, நீதான் போவ" என்று சொல்லிக்கொண்டே காளியாயி இரண்டாவதாகப் பிடித்தாள். அதற்குப் பிறகு பெண்கள் எல்லாரும். பெண்கள் பிடித்த பிறகு ஆண்கள் என்ன செய்யமுடியும்? கணேசமூர்த்தி குடையை மடக்கினார்.

"ஒரு விசயம். தோட்டத்துக்காக இழுக்கல, பட்டாளத்துக்காகவும் இழுக்கல. மூக்கனுக்காக இழுக்குறோம். தோழர், நீங்க சாட்சி."

நானும் பிடித்தேன். சாட்சி சும்மா நிற்கக்கூடாது.

முதலில் சார்ஜன்ட் குரல் கொடுத்தார். சிங்களத்தில் ஒன்று இரண்டு சொல்லி இழுக்கச் சொன்னார். ஒருவர் முன்னால் இழுத்தார், ஒருவர் பின்னால். வடம் பாம்புபோல நெளிந்ததே தவிர பீரங்கி அசையவில்லை. கீழேயிருந்து மூக்கன் கத்தினார்.

"எண்ணி இழுக்க மாட்டாங்க சாஜன். தப்பு வேணும். அழகுமுத்தக் கூப்பிடுங்க."

அழகுமுத்து தேருக்கு அடிக்கிறவன். தப்பை மழைக்குப் படங்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். தோல் ஈரத்தில் தொய்ந்து மந்தமாகத்தான் சத்தம் போட்டது. ஆனால் அடி விழுந்ததும் தோள்கள் ஒன்றாகின. பீரங்கி மரத்தைவிட்டு ஒரு முழம் விலகியது. மூக்கன் கட்டையைத் திணித்தார். அடுத்த அடி, அடுத்த முழம். சிப்பாய்கள் பக்கவாட்டில் பலகை கொடுத்து நெம்பினார்கள். பீரங்கி வண்டிப்பாதையில் ஏறி நின்றபோது சபுக்கு மரம் சத்தமில்லாமல் சாய்ந்து பள்ளத்துக்குள் போனது. எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கன் மட்டும் பார்க்கவில்லை. அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ரோடுவரை ஏற்றம். நடுவில் முனியாண்டிக் கல்.

மூக்கன் மேலே வந்தார். சேறு கழுத்துவரை.

"எல்லாரும் கேளுங்க. இது தேர் இல்ல. கல்லுகிட்ட நிக்கக் கூடாது. எவனும் வடத்த விடக் கூடாது. கும்புடுறதா இருந்தா மனசுல கும்புடுங்க. அழகுமுத்து, கல்லுகிட்ட அடி நிக்கக் கூடாதுடா."

"சரிண்ணே."

"எங்க, திருப்பிச் சொல்லு."

"கல்லுகிட்ட நிக்காதுண்ணே. நான் என்ன பச்சப்புள்ளயா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். காளியாயி மட்டும், "முனியாண்டியக் கும்புடாமப் போனா நல்லதில்ல" என்று முணுமுணுத்தாள். மூக்கன் அதைக் கேட்டார். கேட்காத காதுப் பக்கம்தான் அவள் நின்றாள். ஆனாலும் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் போய் இரண்டாவது கட்டையையும் எடுத்துக்கொண்டார். அதுவரை ஒன்றைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

தப்பு தொடங்கியது. ஏறினோம். கால் வழுக்கியது, ஏறினோம். என் தோளில் வடம் அறுத்தது. அடிக்கு அடி பீரங்கி வந்தது. பின்னால் கட்டை விழும் சத்தம் ஒவ்வொரு முறையும் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு தைரியம் இருந்தது. தாளம் உடம்புக்குள் போய்விட்டது. மழை இருந்தது ஞாபகம் இல்லை. இழுப்பது பீரங்கி என்பதும் ஞாபகம் இல்லை. அங்கேதான் வினை.

கல் வந்தது. தப்பு நின்றது.

அழகுமுத்துவின் கை தானாக நின்றது. காளியாயி "அப்பா முனியாண்டி" என்றாள். அத்தனை பேரும் வடத்தைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டோம். நானும்தான். கடவுள் இல்லை என்று பத்து வருடம் மேடை போட்டுப் பேசிய நானும் கையெடுத்தேன். பக்கத்தில் நின்ற சிங்களச் சிப்பாய் ஒருவன், என்ன நடக்கிறது என்று புரியாமல், அவனும் தொப்பியைத் தூக்கினான்.

பீரங்கி பின்னால் உருண்டது.

முதல் கட்டையில் மோதி அதைச் சேற்றோடு தள்ளிக்கொண்டு போனது. மூக்கன் அப்போது ஏற்கெனவே குனிந்திருந்தார். கல்லுக்கு முன்னாலேயே குனிந்துவிட்டார். இரண்டாவது கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் சொருகி, அது வழுக்காமல் கடிக்கும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டார். ரப்பர் சக்கரம் கட்டையில் ஏறியது, ஒரு கணம் யோசித்தது, நின்றது.

 கீழேயிருந்து குரல் வந்தது.

"கும்புட்டாச்சா?"

காளியாயி, "ஆச்சுப்பா" என்றாள்.

"அப்ப வடத்த எடுங்க. கை மாட்டியிருக்கு."

நாங்கள் எடுத்த வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. அழகுமுத்து அழுதுகொண்டே அடித்தான். பீரங்கி ஒரு சாண் ஏறியது. மூக்கன் இடது கையை வெளியே இழுத்தார். சுண்டு விரலும் அடுத்த விரலும் விரலாக இல்லை. அழகம்மா முந்தானையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

"பாத்துக்கங்க இந்தக் கூத்த. கவ்வாத்துக் கத்திக்கு மிஞ்சின வெரல சாமி எடுத்துக்கிட்டாரு" என்று கட்டிக்கொண்டே திட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

"மெதுவாக் கட்டு. இன்னும் ஏத்தம் இருக்கு."

சார்ஜன்ட் வந்து, போதும், என் ஆள் கட்டை போடுவான் என்றார். மூக்கன் மறுத்துத் தலையை ஆட்டினார். ஒரு கையால் கட்டை போட்டுக்கொண்டே ரோடுவரை வந்தார். லொறியோடு கொக்கியை மாட்டும்வரை பீரங்கியின் பின்சக்கரத்தை விட்டு அவர் நகரவில்லை.

மாட்டியாயிற்று. மழை சிறுத்திருந்தது. சார்ஜன்ட் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு தன் ஆட்களைப் பீரங்கிக்குப் பின்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். புறப்படும் முன்பு ஆட்கள் நம்பர் சொல்லவேண்டும். பீரங்கிப் படையின் பழக்கம் அது. அப்போதெல்லாம் கட்டளை இங்கிலீசில்தான்.

"நம்பர்!"

சார்ஜன்ட்தான் ஒன்று. அவரே, "ஒன்" என்று தொடங்கிவைத்தார்.

"டூ."

"த்ரீ."

நின்றது. கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான் நாலாம் நம்பர். மூன்றாம் ஆளுக்கும் ஐந்தாம் ஆளுக்கும் இடையில் ஒரு ஆள் அகலத்துக்கு வெற்றிடம். விட்டுவிட்டு மேலே சொல்வதா, மறுபடி தொடங்குவதா என்று ஐந்தாம் ஆள் சார்ஜன்ட்டைப் பார்த்தான்.

மூக்கன் ரோட்டின் மற்ற ஓரத்தில் எங்களோடு நின்றார். அரைக்கால் சட்டை, இடுப்பில் படங்கு, கையில் மனைவியின் சேலைத் துண்டு, அதில் இரத்தம். வரிசைக்குள் அவர் போகவில்லை. இருந்த இடத்திலேயே குதிகாலைச் சேர்த்தார். கழுத்து இல்லாத அந்த மனிதருக்கு அன்றுதான் கழுத்து இருப்பதைப் பார்த்தேன்.

"ஃபோர்."

சார்ஜன்ட் முகத்தைத் திருப்பவில்லை. ஒரு மூச்சு விட்டார்.

"ஃபைவ்."

"சிக்ஸ்."

லொறி போய்விட்டது.

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் கணக்கப்பிள்ளை, முந்திய நாள் பகலுக்குப் பிறகு மலைக்கு வராத எல்லாருக்கும் அரைப்பேர்தான் என்றார். அரைநாள் கூலி. சங்கம் அதற்குச் சண்டை போட்டது, அது வேறு கதை. விரல் ஆறிய பிறகு மூக்கனால் கவ்வாத்து செய்ய முடியவில்லை. கிளையை வளைத்துப் பிடிக்க இடது கை வேண்டும். புல்வெட்டுக்கு மாற்றினார்கள். குடியுரிமை அப்போதும் கிடைக்கவில்லை. அறுபத்து நாலில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டபோதும் கிடைக்கவில்லை. பட்டாளம் அவருக்கு எதுவும் அனுப்பவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மாசியில் தேருக்குக் கட்டை போட வந்தார். கல் வந்ததும் நாங்கள் கும்பிட்டோம். தேர் நின்றது.

ஆனால் லொறி போன அன்று மாலை பீலியடியில் விழுகிற தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நான் வழக்கம்போலக் கேட்டேன். ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு ஆகுமே என்ற நினைப்பு.

"அவங்க ஒரு நன்றிகூடச் சொல்லலயே மூக்கன். கோவம் வரலயா?"

அவர் முழு ஆளாக என் பக்கம் திரும்பினார்.

"என்ன தோழர் நீங்க. நான் 'ஃபோர்'ன்னு சொன்னேன். அந்தப் பய 'ஃபைவ்'ன்னுட்டான். தடுக்கலயே. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

கையை உதறிவிட்டு லயத்துக்குப் போனார். வழியில் கொழுந்துக்காரி ராக்காயி, "பீரங்கி வருது, ஒதுங்குங்கடி" என்றாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மூக்கன் ஒருவர்தான் சிரித்தார்.